வாலறுந்த கூட்டம் – 9. முன்னால் போனவன்

கார்த் செத்து மூன்று மாதம் ஆகியும் அவன் அம்மா கிளெனிஸ் ட்ரெகென்ஸா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா ஊர் முழுக்கப் பேச்சு. பேசட்டும். அழுவதற்கு அவளுக்கு எங்கே நேரம்? நெவில் ஷிர்மரை வெறுப்பதே முழுநேர வேலையாக இருந்தது.

அப்பாவோடு சைக்கிளில் போன கார்த் மேல் ஏறியது நெவிலின் லாரி. முன்பின் தெரியாதவன் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். முப்பது வருடமாக இவர்கள் வீட்டு ஃபிரிட்ஜை யாரையும் கேட்காமல் திறந்து பீர் எடுத்துக் குடித்தவன் அவன். கிளெனிஸின் கணவர் ராய்ஸோடு சேர்ந்து லாரி ஓட்டியவன். கார்த்துக்குச் சைக்கிளில் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தவன். சவ அடக்கத்தன்று தேவாலய வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒரு அடி உள்ள வச்சே, காலை முறிச்சிடுவேன்" என்று ஊரறியத் துரத்தியவள் கிளெனிஸ். அவனும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான்.

நாளை திங்கட்கிழமை, கோர்ட். கவனமில்லாமல் ஓட்டி உயிரைப் பறித்ததாக வழக்கு. குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறானாம். தீர்ப்புக்கு முன்னால் குடும்பத்தில் ஒருவர் எழுந்து பேசலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கிளெனிஸ் பேசுவதென்று முடிவாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டின்போதும் அதே பேச்சுதான்.

"நாளைக்கு எதையும் விட்டுடாதீங்க கிளெனிஸ்" என்றாள் டாலியா. கார்த்தின் மனைவி. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கத்தி பாதியில் நின்றது. "அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு அழுகை வந்துடும், உங்களுக்கு வராது. அதான் உங்களைப் பேசச் சொல்றேன்."

"வக்கீலே போதும் போதும்னு கையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி பேசறேன் பாரு."

"அவன் ஜெயிலுக்குப் போறானோ இல்லையோ, எனக்கு அதெல்லாம் கவலையில்ல. யாரால என் கார்த் போனானோ, அந்த ஆள் நிழல்கூட ஃபெர்ன் மேல படக்கூடாது. அவ்வளவுதான்."

மூன்று வயது ஃபெர்ன் தாத்தா ராய்ஸின் மடியில் உட்கார்ந்து அவருடைய தேநீர்க் கோப்பையில் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தாள். அப்பா போனதிலிருந்து அந்த மடிதான் அவளுக்கு வீடு. கடல் தாண்டி ஹோபார்ட்டிலிருந்து டாலியாவின் அம்மா தினமும் போன் செய்து "இங்க வந்துடு, அந்தப் பாலைவனத்துல உனக்கு இனிமே என்ன இருக்கு" என்று கேட்கிறாள். டாலியா போகாமல் இருப்பது அந்த மடிக்காகத்தான் என்று கிளெனிஸுக்குத் தெரியும்.

மூன்று மாதமாகவே ராய்ஸ் அதிகம் பேசுவதில்லை. லாரிக்கும் போவதில்லை, சைக்கிளையும் தொடுவதில்லை.

"ராய்ஸ், என்னை அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள் கிளெனிஸ்.

அவர் நிமிர்ந்தார். "எந்த இடத்துக்கு?"

"எந்த இடம்னா கேக்கறே? இந்தக் கண்ணால நான் இன்னும் பாக்கல. பாக்காத இடத்தைப் பத்தி நாளைக்கு எப்படிப் பேசறது?"

"வேண்டாம் கிளென்."

"நீ வழியை மட்டும் காட்டு. நான் ஓட்டறேன்."

கிளெனிஸ் ஒன்று சொல்லிவிட்டால் அதை மாற்ற அந்த வீட்டில் யாராலும் முடிந்ததில்லை. ராய்ஸ் குழந்தையை இறக்கிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

பாலத்தைத் தாண்டியதும் எதிரே வாலறுந்த கூட்டம் வந்தது. டிரெய்லரைக் கழற்றிவிட்ட லாரிக்கு வாலறுந்தது என்று பெயர். டிரெய்லரைக் கழற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மிதிக்கும் லாரிக்காரர்களும் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு தொப்பை. அதன் மேல் பிதுங்கும் இறுக்கமான பளபளப்புச் சட்டை. "இடுப்பு பிடிச்சுக்கிச்சு, டாக்டர் மிதிக்கச் சொன்னார்" என்று ஆரம்பித்தவர்கள், இப்போது வாரம் முழுக்க அந்த ஒரு காலைப் பொழுதுக்காகக் காத்திருப்பவர்கள். அவர்களைப் போலவே லாரி ஓட்டிய கார்த் இன்னும் ஒரு படி மேல். லாரியின் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டே போவான். சட்டப்படி ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் எந்தச் சாலையோர உணவகத்தில் நிறுத்தினாலும், ஒரு தூக்கம் போட்டுவிட்டுச் சைக்கிளை இறக்கிவிடுவான்.

காரைக் கண்டதும் கூட்டம் கையைத் தூக்கியது. கிளெனிஸும் தூக்கினாள். ராய்ஸ் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். பதினொரு வருடமாக அந்த வரிசையின் முன்னால் போனவர் அவர்.

வடக்கே போகும் நெடுஞ்சாலையில் கார் ஏறியது. இரண்டு பக்கமும் உப்புப் புதர், செம்மண். தூரத்தில் வெள்ளையாக உப்பு ஏரி. ஜூன் மாதக் குளிருக்குக் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"வரும். மெதுவாப் போ."

மெதுவாகப் போனாள். கண்ணாடியில் பின்னால் ஒரு ரோடு ட்ரெயின் பெரிதாகிக்கொண்டே வந்தது. மூன்று டிரெய்லர் கட்டிய நீள லாரி. எதிரே சாலை காலி. அது வலது பக்கம் ஒதுங்கி இவர்களைத் தாண்ட ஆரம்பித்தது. முதல் டிரெய்லர் போனது, இரண்டாவது போனது, கார் லேசாக ஆடியது, மூன்றாவதும் போய் வால் தாண்டியது.

கிளெனிஸின் விரல் தானாக ஹெட்லைட் குச்சிக்குப் போனது.

லாரிக்காரன் பெண்டாட்டி அல்லவா! அவ்வளவு நீளத்தை இழுத்துக்கொண்டு தாண்டுகிறவனுக்குத் தன் வால் எங்கே முடிகிறது என்று சரியாகத் தெரியாது. தாண்டப்பட்டவன் ஒருமுறை லைட் அடித்தால், 'உன் வால் என்னைத் தாண்டிடுச்சு, இனி உள்ள வா' என்று அர்த்தம். அவனும் பின்விளக்கைச் சிமிட்டி நன்றி சொல்லிவிட்டுத் தன் பக்கத்துக்கு வருவான். முகம் தெரியாதவர்கள்கூட இதைச் செய்வார்கள். கிளெனிஸ் கல்யாணமான புதிதில் ராய்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

"அடிக்காத!"

ராய்ஸ் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "கையை எடு கிளென்! அடிக்காத! அடிக்காத!"

கார் ஓரத்து மண்ணில் இறங்கி வழுக்கியது. எப்படியோ இழுத்துப் பிடித்து நிறுத்தினாள்.

"பைத்தியமா உனக்கு? ரெண்டு பேரும் இப்பப் போய்ச் சேர்ந்திருப்போம்!"

ராய்ஸ் அவள் மணிக்கட்டை விடவில்லை. அறுபத்திரண்டு வயது ஆள், கன்னத்துச் சதை துடிக்க உட்கார்ந்திருந்தார்.

"ராய்ஸ்… என்ன ஆச்சு? சொல்லு."

"அன்னைக்கு நான் லைட் அடிச்சேன்."

"என்னைக்கு?"

"அன்னைக்கு."

அவளுக்குப் புரியவில்லை. புரிந்துவிடக் கூடாது என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று கெஞ்சியது.

"நாங்க சைக்கிள்ல போறப்பவும் லாரி தாண்டினா லைட் அடிப்போம். உனக்குத் தெரியுமே" என்றார் ராய்ஸ், சாலையைப் பார்த்துக்கொண்டே. "வரிசைல முன்னால போறவன்தான் அடிக்கணும். லாரியோட வால் அவனைத்தானே கடைசியாத் தாண்டும்? அவனைத் தாண்டிடுச்சுன்னா எல்லாரையும் தாண்டிடுச்சு. அதனால எப்பவும் நான்தான் அடிப்பேன். நான்தானே முன்னால போவேன்."

"ம்."

"அன்னைக்குக் கார்த் முன்னால போயிட்டான்."

கிளெனிஸ் என்ஜினை அணைத்தாள்.

"நான் பின்னால கிடந்தேன். முட்டி வலி. அவன் எனக்குக் கொஞ்சம் முன்னால மிதிச்சிட்டிருந்தான். லாரி வந்துச்சு. வால் என்னைத் தாண்டிச்சு. என் கட்டைவிரல்… கிளென், நான் யோசிக்கவே இல்ல. இத்தனை வருஷப் பழக்கம். விரல் பாட்டுக்கு அடிச்சிடுச்சு. அடிச்ச அப்புறம்தான் நிமிர்ந்து பாத்தேன். அவன் அப்பத்தான் கடைசி டிரெய்லருக்குப் பக்கத்துல போயிட்டிருந்தான். லாரி பின்விளக்கைச் சிமிட்டிச்சு. எனக்கு நன்றி சொல்லிச்சு கிளென். சொல்லிட்டு உள்ள வந்துச்சு."

வெளியே காற்று காரை மெல்ல உலுக்கியது. கிளெனிஸ் கதவைத் திறந்து இறங்கினாள். புதர்களுக்குள் சிறிது தூரம் நடந்தாள். திரும்பி வந்து ஜன்னல் பக்கம் நின்றாள்.

"போலீஸ்ல என்ன சொன்னே?"

"நெவில் சீக்கிரமே உள்ள வந்துட்டான்னு சொன்னேன். மிச்சத்தையும் சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்கு மேல வரல."

"மூணு மாசமா அது வரலையா உனக்கு? நான் அந்த மனுஷனைத் தேவாலயத்து வாசல்ல நிக்க வச்சு நாயை விரட்டற மாதிரி விரட்டினேன். நீ பக்கத்துலதானே நின்னே!"

"நின்னேன்."

அதற்கு மேல் அவளால் திட்டக்கூட முடியவில்லை. பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே அனுப்பி வைத்த மனுஷனை இனிமேல் எந்த வார்த்தையால் அடிப்பது? அடிக்க வேண்டும் என்று கை துடித்தது. கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் உள்ளே ஏறிக் காரைத் திருப்பினாள். அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

"எங்க போறே?"

"நெவில் வீட்டுக்கு."

ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை வைத்த வீடு நெவிலுடையது. பெண்டாட்டி விட்டுப் போய் வெகு காலம். ஸ்பேனர் என்று ஒரு நாய் மட்டும். முற்றத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நாயின் படுக்கை சுருட்டிக் கட்டியிருந்தது. கிளெனிஸைப் பார்த்ததும் நெவில் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். ஆறடிக்கு மேல் உயரமான ஆள். இவளைக் கண்டு பயந்தான்.

"திட்டணும்னா திட்டிடு கிளென். நாளைக்குக் கோர்ட்டு வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல."

"நாயை எங்க அனுப்பறே?"

"பக்கத்து வீட்டுக்கு. எவ்வளவு நாள் ஆகுமோ தெரியாதே."

"நெவ், நீ அந்த லைட்டைப் பாத்தியா?"

நெவில் காரைப் பார்த்தான். ராய்ஸ் இறங்காமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன லைட்டு?"

"பொய் சொல்லாத. அவனே சொல்லிட்டான்."

நெவில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தான். நாய் வந்து அவன் காலடியில் படுத்தது. அதன் காதைத் தடவினான்.

"முட்டாள்" என்றான் மெல்ல. "சொல்லியே ஆகணுமா இவன்?"

"நீ ஏன் போலீஸ்ல சொல்லல?"

"என்னன்னு சொல்ல? லைட் அடிக்கிறது ஒரு மரியாதை கிளென், கட்டளை இல்ல. ஸ்டீயரிங் என் கையில இருந்துச்சு. ஊருக்குத் திரும்பி வர்ற வழி, காலை வெயில் மூஞ்சில அடிச்சுச்சு. முன்னால ரெண்டு சைக்கிள் போகுதுன்னு தெரிஞ்சது, யாரு முன்ன யாரு பின்னன்னு தெரியல. உள்ள வர்றதுக்கு முன்ன கண்ணாடியை இன்னொரு தடவை பாத்திருக்கணும். பாக்கல."

"ஏன் பாக்கல?"

"ராய்ஸ் லைட்டாச்சே" என்றான் நெவில். "அவன் அந்தப் பழைய மஞ்சள் லைட்டை மாத்தவே மாட்டான், எங்க பாத்தாலும் தெரியும். அவன் அடிச்சா எல்லாரும் தாண்டியாச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல நான் எதைப் பாக்கணும்?"

கிளெனிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இங்க பாரு. தப்பு என்னோடது. மூணு டிரெய்லரையும் இழுத்தது நான்தான். நாளைக்கு நான் ஒத்துக்கறேன், அதோட முடிஞ்சு போகட்டும். எனக்கு யாரு இருக்கா? இந்த நாய். உனக்கு வீட்ல ஒரு குழந்தை இருக்கு. இது தெரிஞ்சா அந்தப் பொண்ணு டாலியா ஒரு நாள் இருக்குமா உன் வீட்ல? போ. நாளைக்கு வந்து என்னைத் தாராளமாத் திட்டு. நான் கேட்டுக்கறேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னான்.

காரில் ஏறியதும் ராய்ஸ் கேட்டார்: "என்ன சொன்னான்?"

"நீ வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னான். நானும் அதையேதான் சொல்றேன்."

"அவன் உள்ள போவான் கிளென்."

"போகட்டும்."

இது என் வாயிலிருந்தா வந்தது என்று அவளே திடுக்கிட்டாள். ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "கார்த்தைத்தான் குழியில வச்சாச்சு. ஃபெர்னையும் தூக்கிக் குடுத்துட்டு நாம ரெண்டு பேரும் மோட்டுவளையைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா? என்னால முடியாது. கேட்டியா? முடியாது!"

ராய்ஸ் தலையாட்டினார்.

சாயங்காலம் வரை ஒன்றும் நடக்காதது போலவே போயிற்று. கிளெனிஸ் ஆட்டுக்கறியை அடுப்பில் வைத்தாள். டாலியாவோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோலுரித்தாள். "இடத்தைப் பாத்தீங்களா?" என்று டாலியா கேட்டதற்கு, "பாத்தேன்" என்றாள்.

வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட உட்கார்ந்தார்கள். ஃபெர்ன் வழக்கம்போலத் தாத்தா மடியில். அவர் தட்டிலிருந்த பட்டாணியை ஒவ்வொன்றாக எடுத்து அவர் வாயில் ஊட்டினாள்.

"ராய்ஸ்" என்றாள் டாலியா திடீரென்று. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இத்தனை நாள் கேக்கத் தைரியம் வரல. நாளைக்கு அங்க உக்காரறதுக்கு முன்னால தெரிஞ்சுக்கணும் போல இருக்கு."

கிளெனிஸின் முள்கரண்டி தட்டில் இடித்தது.

"கடைசியா அவன் உங்ககிட்ட என்ன பேசினான்?"

ராய்ஸ் குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மேட்டுல என்னைத் தாண்டினான். தாண்டறப்போ என் முதுகுல ஒரு தட்டு தட்டி, 'கிழவா, இன்னைக்கு நான் முன்னால போறேன், நீ ஆடி அசைஞ்சு வா'ன்னான்."

டாலியா சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக. "அவனேதான்! அப்படித்தான் பேசுவான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு மேலே கையை நீட்டி ராய்ஸின் கையைப் பிடித்தாள். "நல்லவேளை, கடைசில நீங்க கூட இருந்தீங்க. வேற யாரும் இல்லாம அவன் போயிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது. உங்களுக்காகத்தான் நான் இங்க இருக்கேன் ராய்ஸ். எங்க அம்மாகிட்டயும் அதான் சொன்னேன்."

கிளெனிஸ் கணவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. டாலியா பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மெதுவாக உருவிக்கொண்டார்.

"டாலியா, அந்த லைட்டை அடிச்சது நான்தான்."

"எந்த லைட்டு?"

ராய்ஸ் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

"எந்த லைட்டு? என்ன சொல்றார் இவர்?" டாலியா மாமியாரிடம் திரும்பினாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், கடலோர ஊரில் வளர்ந்தவள். லாரிக்காரர்களின் பாஷை அவளுக்கு எங்கே தெரியும்?

இப்போதுகூடக் கிளெனிஸ் எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். 'அவருக்குத் தூக்கம் இல்ல, ஏதோ உளர்றார்' என்றால் டாலியா நம்பியிருப்பாள். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. ராய்ஸைப் பார்த்தாள். இந்த மனுஷன் இதை இன்னொரு மூன்று மாதம் சுமந்தால் செத்துப் போவான் என்று தோன்றியது.

"ஒரு லாரி இன்னொண்ணைத் தாண்டறப்போ…" என்று ஆரம்பித்தாள்.

வால் தாண்டுவது, லைட் அடிப்பது, முன்னால் போகிறவனின் பொறுப்பு, பழகிப்போன கட்டைவிரல், நெவில் கண்ணாடியை இன்னொரு முறை பார்க்காமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு இடத்திலும் குரல் உடையவில்லை. வெயில் மூஞ்சில் அடித்ததைக்கூட விடவில்லை. சொல்லி முடித்தபோது கறி ஆறிப்போயிருந்தது.

டாலியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மேஜையைச் சுற்றி வந்தாள். ராய்ஸின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினாள். ஃபெர்ன் தாத்தாவின் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாலியா அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் கிளெனிஸ்?"

"இன்னைக்குத்தான். காலைல."

"காலைல" என்றாள் டாலியா. "அப்புறம் வந்து என் பக்கத்துல உக்காந்து கிழங்கு உரிச்சீங்க."

டாலியா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீங்க பேச வேண்டாம். நான் பேசறேன்."

"என்னம்மா பேசப்போறே?"

டாலியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் ஃபெர்ன் "பாப்! பாப்!" என்று தாத்தாவைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள். அந்தக் குரல் கேட்டால் எத்தனை தூரத்திலிருந்தாலும் எழுந்து ஓடுகிற ராய்ஸ், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.